டிப்பருக்குப் பின்னால் ஒரு 25

ஹில்டஸ்ஹைம் பக்கம், ஜெர்மனி
அக்டோபர் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அப்பா, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியம்தானே? சம்பா நடவு முடிந்ததா? இங்கே மக்காச்சோளம் அறுப்பு முடிகிற கட்டம், சுகர் பீட் கிழங்கு தோண்டுவது மும்முரம். ரோட்டில் எங்கே பார்த்தாலும் டிராக்டர்தான்.

"அங்கே டிராக்டர் கார் மாதிரி பறக்குதாமே" என்று போனில் கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போகும் அண்ணே. பெரிய வண்டிகள் மணிக்கு 50 கிலோமீட்டர் போகும், சிலது 60 கூடப் போகும். ஆனால் அந்த வேகத்தில் ஓட்டலாமா என்பதை எஞ்சின் முடிவு செய்வதில்லை, பின்னால் மாட்டியிருக்கிற டிப்பர்தான் முடிவு செய்கிறது.

வண்டி எவ்வளவு வேகம் போகும்படி கட்டப்பட்டது என்பது ஆர்.சி. மாதிரியான காகிதத்தில் ஏறியிருக்கும். அதே எண்ணைக் கறுப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டமாக வண்டியிலும் ஒட்டியிருப்பார்கள். டிப்பருக்கும் பின்பக்கம் அப்படி ஒரு வட்டம் உண்டு. பழைய டிப்பர்களில் பெரும்பாலும் 25தான். 25 வட்டம் இருந்தால் அந்த டிப்பரைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டாம், பண்ணையின் ஏதாவது ஒரு டிராக்டர் நம்பரை எழுதி மாட்டினால் போதும். அதனால்தான் விவசாயிகள் அதை விடுவதில்லை. 50 போகிற டிராக்டரில் அந்த டிப்பரை மாட்டினாலும் 25தான். பின்னால் காரெல்லாம் சாரைசாரையாக நிற்கும், ஆனாலும் நாம் 25ஐத் தாண்டக் கூடாது.

லைசென்ஸும் இந்தக் கணக்கில்தான். கார் லைசென்ஸ் எடுத்தால் எல் வகுப்பு கூடவே வரும். 40 வரை கட்டப்பட்ட டிராக்டரை அதில் ஓட்டலாம், டிப்பர் மாட்டினால் 25. அதற்கு மேலே டீ வகுப்பு. 16 வயதில் 40 வரை, 18 ஆனால் 60 வரை. புதிதாக வருகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 50 போகிற வண்டியைக் கார் லைசென்ஸில் எடுத்துக்கொண்டு, "நான் 30லதானே போறேன்" என்று சொன்னால் செல்லாது. கட்டப்பட்ட வேகம்தான் கணக்கு. அது லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதற்குச் சமம், அபராதத்தோடு போகாது, கிரிமினல் வழக்கு. நம்ம ஊர் லைசென்ஸ் இங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும், பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் எழுதி வாங்க வேண்டும்.

ஹைவேயில் டிராக்டரை விடுவதில்லை. 60க்கு மேல் போகும்படி கட்டப்பட்ட வண்டிதான் ஆட்டோபானில் ஏறலாம். கார் படம் போட்ட நீலப் பலகை இருக்கிற ரோட்டுக்கும் இதே விதி. போன் மேப்புக்கு இது தெரியாது, நேராக அதில் கொண்டுபோய் விடும். வழியை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பிரேக். நம்ம டிப்பரில் பிரேக்கே கிடையாது, டிராக்டர் நின்றால் அது நிற்கும், அவ்வளவுதான். இங்கே சின்ன டிப்பரில், டிராக்டர் வேகம் குறைந்தால் டிப்பரின் கொக்கி ஏர்க்கால் உள்ளே தள்ளப்பட்டுப் பிரேக் பிடிக்கிற வகை இருக்கும். அது 8 டன் மொத்த எடை வரைதான். அதற்கு மேல் காற்றுப் பிரேக். சிவப்புத் தலை ஒன்று, மஞ்சள் தலை ஒன்று, இரண்டு குழாய். மாட்டும்போது முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு. கழற்றும்போது முதலில் சிவப்பு, பிறகு மஞ்சள். சிவப்பில் காற்று வந்தால் டிப்பரின் பிரேக் விட்டுவிடும். மஞ்சளை மாட்டாமல் சிவப்பை மாட்டினால் பிடியில்லாத டிப்பர் சரிவில் உருளும், நடுவில் நிற்கிற ஆள் நசுங்குவான். கழற்றும்போது சிவப்பை முதலில் எடுத்தால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஓடும்போது கொக்கி பிடுங்கிக்கொண்டாலும் சிவப்புக் குழாய் அறுந்து டிப்பர் தானே நின்றுவிடும். எது எப்படியிருந்தாலும், கழற்றுவதற்கு முன்னால் சக்கரத்துக்கு அடைக்கட்டை வைத்துவிட வேண்டும்.

டிராக்டரில் இடது, வலது பிரேக் மிதிகளைத் தாழ்ப்பாள் போட்டு ஒன்றாக்கித்தான் ரோட்டுக்கு வர வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். 40ல் ஒரு மிதி மட்டும் அழுந்தினால் வண்டி குறுக்கே திரும்பிக் கவிழும். டயர் காற்றைத்தான் பலரும் மறக்கிறார்கள். வயலில் 0.8, 1 பார் என்று இறக்கி வைத்திருப்பார்கள். அதோடு ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறும், வண்டி ஆடும், டயர் பட்டன் சீக்கிரம் தேயும். சில வண்டிகளில் உட்கார்ந்த இடத்திலிருந்தே காற்றை ஏற்றிக்கொள்ளலாம். இல்லாதவர்கள் கம்ப்ரஸர் பிடித்து ஏற்றத்தான் வேண்டும்.

பின்னால் கனமான கலப்பையைத் தூக்கினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது. வண்டியின் வெற்று எடையில் 20 சதமாவது முன் அச்சில் நிற்க வேண்டும் என்பது கணக்கு, அதற்காகத்தான் முன்னால் ஒரு டன் இரும்புக் கட்டி தொங்குகிறது. ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்து முன்னால் மாட்டிய பொருளின் நுனி வரை 3.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் கேமராவோ, ரோடு முனையில் நின்று கைகாட்ட ஒரு ஆளோ வேண்டும். ஹைட்ராலிக் லீவரைப் பூட்டி விடுவதும் கட்டாயம், கை பட்டால் கலப்பை ரோட்டில் விழும்.

ஊருக்கு வெளியே கார்களுக்கு 100 வரை அனுமதி. நாம் 25. அப்படியென்றால் பின்னால் வருகிறவன் நொடிக்கு 21 மீட்டர் கிட்ட வருகிறான், 200 மீட்டர் தூரத்தில் பார்த்தாலும் பத்து நொடிகூட இல்லை. அதனால் பின் விளக்கையும் சிவப்பு முக்கோணங்களையும் சேறு துடைத்து வைப்பதுதான் முதல் வேலை. பல கார்கள் பின்னால் சேர்ந்துவிட்டால் தோதான இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முந்தக் கூடாது என்ற பலகைக்குக் கீழே சில இடங்களில் டிராக்டர் படம் போட்ட சின்னப் பலகை இருக்கும். காரை முந்தக் கூடாது, ஆனால் 25க்கு மேல் போக முடியாத டிராக்டரை முந்தலாம் என்று அர்த்தம்.

மோசமான விபத்து நடப்பது இடது பக்கம் வயலுக்குள் திரும்பும்போது. இங்கே வலதுபுறம் ஓட்டுவதால் இடது திருப்பம் எதிர்த்தடத்தைக் கடக்கிறது. டிராக்டர் வேகம் குறைவதைப் பார்த்து, வழிவிடுகிறான் என்று பின்னால் இருப்பவன் முந்த ஆரம்பிப்பான். இண்டிகேட்டரை முன்கூட்டியே போட்டு, கண்ணாடி பார்த்து, திருப்புகிற நொடியில் தோளுக்குப் பின்னால் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

கிழங்கு வயலிலிருந்து சேறு ரோட்டில் விழுந்தால், விழவைத்தவன்தான் எச்சரிக்கைப் பலகை வைத்து உடனே கூட்டிக் கழுவ வேண்டும். சேற்று உழவுக்கு மாட்டுகிற இரும்புக் கேஜ் வீலோடு தார்ரோட்டில் போகிற நம்ம ஊர்க்காரர்களை இங்கே ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும்!

இவ்வளவுக்கும் 50 போகிற வண்டிதான் வேண்டும் என்று சண்டை. 10 கிலோமீட்டருக்கு 25ல் 24 நிமிடம், 40ல் 15, 50ல் 12. 40லிருந்து 50க்கு மூன்றே நிமிட லாபம், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலோ ஒன்றரை மடங்குக்கு மேல். 40ஐத் தாண்டிய வண்டியை வருடா வருடம் சோதனைக்கு வேறு கொண்டுபோக வேண்டும், 40 வரை என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும். 25ஐ விட்டு 40க்குப் போவது சரி. அதற்கு மேல் தூரத்து வயல் இருப்பவனுக்குத்தான் புண்ணியம்.

அண்ணே, அறுவடைக்கு முன்னால் நம்ம டிப்பரின் பின்பலகையில் இரண்டு ஓரமும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டிவிடுங்கள். பலகையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, தின்னர் துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையில் உரிந்துவிடும். செலவுக்கு இந்த மாதப் பணத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி