லேப்டாப் வேண்டாம், கண்ணா

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள கண்ணா,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். லேப்டாப் வாங்கி அனுப்புகிறேன் என்றாயே, அது வேண்டாம். நீ காலேஜில் சேர்ந்த வருஷம் வாங்கிய கம்ப்யூட்டரே போதும். போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு கால் வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வலது காது மந்தமாகி ஒரு வருஷம் ஆகிறது. கம்ப்யூட்டரில் கச்சேரி கேட்க ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்கிறது. ஒயர் ஹெட்போன் அவர் உட்காரும் ஊஞ்சல் வரை எட்டாது. நீ தீபாவளிக்குக் கொடுத்த ப்ளூடூத் ஹெட்போன் அலமாரியிலேயே கிடந்தது. இந்தப் பழைய பெட்டியில் ப்ளூடூத்தே கிடையாதே!

சரி என்று போன புதன்கிழமை மாட்டுங்கா ரோடில் ஸ்லோ வண்டி பிடித்து, கிராண்ட் ரோடில் இறங்கி, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் லேமிங்டன் ரோடுக்கு நடந்தேன். "பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 10" என்றதும் கடைப் பையன் ஒரு யூஎஸ்பி டாங்கிளை எடுத்து வைத்தான், செருகினால் கம்ப்யூட்டருக்கு ப்ளூடூத் வந்துவிடும். என் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். 450 ரூபாய். வீட்டுக்கு வந்து செருகினேன், அதற்கு வேண்டிய டிரைவர் சாஃப்ட்வேரை விண்டோஸே போட்டுக்கொண்டது. ஹெட்போன் பொத்தானை விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடித்தேன். திரையில் பெயர் வந்தது, சேர்த்துவிட்டேன்.

அப்புறம்தான் தொல்லை. அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து கச்சேரி போட்டால், ஆலாபனை நடுநடுவே அறுந்து அறுந்து வந்தது. பத்து மீட்டர் எட்டும் என்கிறார்கள், நம் ஊஞ்சல் மூன்று மீட்டர்கூட இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அது பொறுக்கவில்லை.

இரண்டு நாள் குடைந்து பார்த்தேன். டாங்கிளைப் பெட்டிக்குப் பின்னால் நீல நிற யூஎஸ்பியில் செருகியிருந்தேன். ஒட்டினாற்போல் அடுத்ததில் பாட்டு ஹார்டு டிஸ்க். நீலம் என்றால் யூஎஸ்பி 3.0. அதில் டேட்டா ஓடும்போது கிளம்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. ப்ளூடூத் வேலை செய்வதும் அதே 2.4-இல்தான். போதாததற்கு நடுவில் இரும்புப் பெட்டி, அதுவும் மேஜைக்கு அடியில். நீ விட்டுப்போன ஒயர் டப்பாவைக் கிளறினேன், ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கிடைத்தது. தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. முன்பக்கத்துக் கறுப்பு யூஎஸ்பியில் அதை மாட்டி, டாங்கிளை மேஜை விளிம்பில் டேப் போட்டு ஒட்டினேன். அன்று ராத்திரி தோடி ராகம் முழுசாக, ஓர் இடத்திலும் அறாமல் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

ப்ளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஹரால்டின் பட்டப்பெயராம். அந்தச் சின்னமே அவர் பெயரின் முதல் எழுத்துகளைப் பழைய லிபியில் சேர்த்து எழுதியதுதானாம். அப்பா பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று. போன ஞாயிறு உன்னிடம் பேசும்போது அப்பா "ஆங்? ஆங்?" என்றாரே, நீகூடக் கவலைப்பட்டாயே, அது காதினால் மட்டும் அல்ல. ஹெட்போனில் இருக்கும் மைக்கைத் திறந்தால் ப்ளூடூத் டெலிபோன் மாதிரி முறைக்கு மாறிவிடுகிறது, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடுகிறது. இப்போது பேசுவதற்கு வெப்கேமரா மைக், கேட்பதற்கு மட்டும் ஹெட்போன் என்று மாற்றி வைத்திருக்கிறேன்.

இந்த ஞாயிறு கூப்பிடும்போது முதலில் அப்பாவிடம் பேசு. கத்த வேண்டாம், எப்போதும் பேசுகிற குரலிலேயே பேசு. நான் அப்புறம் வருகிறேன்.

அன்புடன்,
அம்மா