ஸ்பீக்கரைத் தூக்கிப் போடாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அந்த ப்ளூடூத் ஸ்பீக்கரில் சார்ஜே ஏறவில்லை, தூக்கிப் போடப் போகிறேன் என்று போனில் சொன்னாய். அவசரப்படாதே. போனில் விளக்க ஆரம்பித்தால் பேச்சு வேறெங்கோ போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எந்த வயரில் போட்டாய் என்று பார். உன் புது போனோடு வந்த வயருக்கு இரண்டு முனையும் டைப்-சி. விலை குறைந்த ஸ்பீக்கர்கள் பலவற்றில் டைப்-சி ஓட்டை இருக்கும். அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்ற சின்னஞ்சிறு பாகங்கள் இரண்டும் இருக்காது. சில பைசாவை மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆன வயரை மாட்டுகிற சார்ஜர் அந்த ரெசிஸ்டரை வைத்துத்தான் எதிரே ஒரு பொருள் மாட்டியிருப்பதைக் கண்டுபிடித்து 5 வோல்ட்டைத் திறந்துவிடும். அது இல்லையென்றால் துளி கரண்ட் வராது. அதனால், ஒரு முனை பட்டையாக இருக்கும் பழைய வயரை எடுத்து, உன் பழைய போன் சார்ஜரில் மாட்டு. அதில் எப்போதும் 5 வோல்ட் இருக்கும். நம் கடைக்கு 'செத்துப்போச்சு' என்று வருகிற ஸ்பீக்கர்களில் சில, வயரை மாற்றியதுமே லைட் எரிகின்றன.

அதிலும் ஏறவில்லை என்றால், பீரோவில் மாதக்கணக்கில் கிடந்ததுதான் காரணமாக இருக்கும். உள்ளே இருக்கும் பேட்டரி லித்தியம் செல். முழுக்க நிறைந்தால் 4.2 வோல்ட். சும்மா கிடந்தாலும் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் சார்ஜிங் சிப் முழு கரண்ட்டையும் கொடுக்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றிப் பார்க்கும். அதுவரை லைட் எரியாமலும் இருக்கலாம். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார். அப்போதும் உயிர் வராவிட்டால் விட்டுவிடு. வேறு பேட்டரியை வயரால் தொடவைத்து உசுப்பிவிடுவதை யூடியூபில் காட்டுவார்கள், அதை மட்டும் செய்யாதே. ரொம்பவும் அடிமட்டத்துக்கு இறங்கிய செல்லுக்குள் தாமிரம் கரைந்திருக்கும். அதை வலுக்கட்டாயமாக ஏற்றினால் உள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். ராத்திரி மெத்தைமேல் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் உனக்கு உண்டு. தயவுசெய்து அதை விடு, கண்ணு. சார்ஜ் ஏறும்போது செல் சூடாகும். மெத்தையும் போர்வையும் அந்தச் சூட்டை வெளியே விடாது. தரையிலோ மேஜையிலோ வை, நீ விழித்திருக்கும்போது போடு. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் போட்டால் படுக்கும் முன் நிறைந்துவிடும். குடம் நிறையப் போகிறபோது குழாயைக் குறைப்போமே, அதுபோல் கடைசியில் மெதுவாகத்தான் ஏறும். ஏதோ கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதே. சார்ஜ் ஏறும்போது சத்தமாகப் பாட்டும் போடாதே, சூடு இன்னும் கூடும்.

மேஜையில் வைத்தால் ஸ்பீக்கர் ஆடுகிறதா, அடியில் ரப்பர் புடைத்திருக்கிறதா, ஓரத்தில் மூட்டு விரிந்திருக்கிறதா என்று தடவிப் பார். இதில் எது இருந்தாலும் செல் உப்பியிருக்கலாம். அதற்கப்புறம் சார்ஜ் போடவே கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடாதே, குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். இ-வேஸ்ட் வாங்குகிற இடம் பெங்களூரில் நிறைய உண்டு, அங்கே கொடுத்துவிடு.

பிழைத்துக்கொண்டால், எடுத்து வைக்கும் முன் பாதி சார்ஜ் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கொஞ்சம் ஏற்றி வை.

உப்பாமல் வெறுமனே செத்திருந்தால் ஊருக்கு வரும்போது கொண்டு வா, செல்லை மாற்றித் தருகிறேன். அங்கே தெருமுனைக் கடையில் கொடுக்க வேண்டாம். சிலர் சால்டரிங் இரும்பை நேராகச் செல்லின்மேல் வைத்து ஒட்டிவிடுவார்கள். அந்தச் சூடு உள்ளே இறங்கி செல்லைக் கெடுத்துவிடும். நிக்கல் பட்டையை வைத்து, கண நேரம் மட்டும் கரண்ட் பாய்ச்சி ஒட்டும் ஸ்பாட் வெல்டிங் முறையில்தான் இணைக்க வேண்டும். விமானத்தில் வந்தால் கையில் வைத்திருக்கும் பையில் வை, லக்கேஜில் போடாதே.

பழைய வயரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிடு. லைட் எரிகிறதா, என்ன நிறம் என்று சொல், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா