வந்தவாசியில் தோற்ற லாலியின் குடும்பப் பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வந்தவாசிப் போரைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை, பழைய வடஆர்க்காடு மாவட்டத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். 1760 ஜனவரி 22 அன்று அங்கே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையிடம் தோற்ற பிரெஞ்சுத் தளபதி கவுண்ட் டி லாலியைப் 'பரம்பரைப் பிரெஞ்சுப் பிரபு' என்று கட்டுரையாளர் குறித்திருக்கிறார். லாலி 1702-இல் பிரான்சின் தோஃபினே பகுதியிலுள்ள ரோமான் நகரில் பிறந்தவர் என்பது உண்மையே. ஆனால் அவருடைய குடும்பப் பெயர் அந்த மண்ணுக்கு உரியதன்று. நாடிழந்து அயர்லாந்திலிருந்து வந்த பெயர் அது.

அதன் பழைய வடிவம் ஓ முல்லாலி. அயர்லாந்தின் கேலிக் மொழியில் 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல் என்று பொருள். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால் 'பெயரன்' என்றாகி, பின் பேரன் என மருவிய நம் சொல்லை இதனோடு சேர்த்து வகுப்பில் சொல்வது என் வழக்கம். ஆங்கிலேயர் ஆட்சியில் அந்த முன்னொட்டை இழந்த ஐரிஷ் குடும்பங்கள் பல. ஓ முல்லாலியும் அவ்வாறே முல்லாலியாகி, பிறகு லாலி எனச் சுருங்கியது.

இங்கிலாந்தின் அரியணையை இழந்த கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் தரப்பு அயர்லாந்தில் தோல்வியுற்று, 1691-இல் லிமெரிக் உடன்படிக்கை கையெழுத்தானபோது, ஆயிரக்கணக்கான ஐரிஷ் வீரர்கள் தாயகத்தை விட்டுப் பிரான்சு மன்னரின் படையில் சேர்ந்தனர். அக்காலத்தில் அங்கு சென்று தில்லன் என்னும் ஐரிஷ் படைப்பிரிவில் பணியாற்றியவர்தாம் லாலியின் தந்தை ஜெரார்ட். லாலி குடும்பத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'தொலந்தால்' என்பதும் பிரெஞ்சு ஊர் அன்று. அயர்லாந்தின் கால்வே மாவட்டத்திலிருந்த அவர்களது பூர்விக இடத்தின் பெயரே பிரெஞ்சு நாவில் அவ்வாறு திரிந்தது. பிழைப்புக்காக வெளியூர் போன பின்னும் ஊர்ப் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமக்கும் நமக்கு அதன் அருமை புரியும்.

வந்தவாசிக் களத்தில் பிரெஞ்சுத் தரப்பில் நின்ற படைப்பிரிவுகளுள் ஒன்று, ஐரிஷ் வீரர்களைக் கொண்டு 1744-இல் லாலியே திரட்டியது; அவர் பெயராலேயே அது வழங்கியது. எதிரே நின்ற அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவரே. இதைச் சொல்லாமல் அப்போரை வெறும் ஆங்கிலேய–பிரெஞ்சு மோதல் என்று எழுதுவது பாதி வரலாறுதான் என்பது என் உறுதியான கருத்து.

1761-இல் புதுச்சேரி வீழ்ந்த பிறகு, துரோகக் குற்றம் சாட்டப்பட்ட லாலி 1766 மே 9 அன்று பாரிசில் தலை வெட்டப்பட்டார். தம் தந்தை யார் என்பதையே அந்த நாளில்தான் அறிந்த அவருடைய மகன், பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேரின் துணையோடு போராடி, 1778-இல் அந்தத் தீர்ப்பை நீக்கச் செய்தார். களங்கப்பட்ட ஒரு பெயரை மறைக்காமல், லாலி-தொலந்தால் என்று முழுமையாகத் தாங்கியே அவர் வாழ்ந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சம் நெகிழ்கிறது.

எனவே, இனி வந்தவாசியைப் பற்றி எழுதும்போது லாலியின் பெயருக்கு முன் 'அயர்லாந்து வழிவந்த' என்ற இரு சொற்களைச் சேர்க்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.