செயலாளரின் ஆண்டறிக்கை: படங்கள் பத்திரம், சந்தா பாக்கி

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, பொருளாளர் அவர்களே, இன்று வந்திருக்கும் அங்கத்தவர்களே,

யாழ்ப்பாணத்தில் இயங்கும் எமது ஒளிப்படக் கழகத்தின் கடந்த ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சபை முன் சமர்ப்பிக்கிறேன். யாப்பின்படி இது பொதுக்கூட்டத்துக்கு முன்னரே அங்கத்தவர்களின் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும். நிருவாக சபைக் கூட்டம் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் தள்ளிப் போய்த் தள்ளிப் போய் ஆண்டே முடிந்துவிட்டதால் அதற்கு வழியிருக்கவில்லை. யார் யார் வரவில்லை என்பது கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. இங்கே வாசிக்கப் போவதில்லை.

பொங்கல் ஒன்றுகூடல் நடைபெற்றது. பாடசாலை மாணவர்களுக்கான பயிற்சிப் பட்டறை நடைபெற்றது. மாதாந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் நடைபெற்றன. மணற்காட்டு மணல்மேடுகளுக்குப் போகவிருந்த பயணம் மழையால் கைவிடப்பட்டது.

நெடுந்தீவுப் பயணம் நிறைவேறியது. பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்தான் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தார்கள். வராதவர்களின் இருக்கைக்கும் சேர்த்தே வான் வாடகை கொடுக்கப்பட்டது. வந்தவர்களுக்கு நல்ல படங்கள் கிடைத்தன: ஒல்லாந்தர் கோட்டையின் முருகைக்கல் சுவர், பெருக்குமரம், திறந்த வெளியில் திரியும் மட்டக் குதிரைகள். எங்கள் இளம் அங்கத்தவர் ஒருவர் 600 மில்லிமீற்றர் வரை நீளும் லென்ஸைத் தோளில் சுமந்து வந்து, நண்பகலில் தூரத்துக் குதிரைகளை எடுத்தார். வெயிலில் நிலத்திலிருந்து எழும் சூட்டுக் காற்று அத்தனை படங்களையும் நெளியச் செய்துவிட்டது. எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாலும் அந்தக் காற்றை ஊடுருவ முடியாது. இன்னொருவர் பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றுடன் தண்ணீர்த் தொட்டியருகே போய்க் குந்தியிருந்தார். குதிரைகள் தாமாகவே அவரிடம் வந்தன. கண்காட்சியில் அதிகம் பேசப்பட்ட படம் அதுதான்.

இதை எழுதக் காரணம் உண்டு. மாதாந்தக் கூட்டங்களின் பெரும்பகுதி, உள்ளே கண்ணாடி உள்ள கமராவா, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராவா என்ற வாதத்திலேயே கழிந்தது. 2022இல் ரூபா விழுந்த பின் கமரா வாங்குவது காணி வாங்குவதுபோல் ஆகிவிட்டது. அப்படியிருந்தும் வாதம் ஓயவில்லை. புதிய கமரா உடலுக்குக் காசு சேர்க்கும் அங்கத்தவர்கள், கையிலுள்ள லென்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் துணிப்பையோடு அலுமாரிக்குள் பூட்டி வைக்கும் லென்ஸில் சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படர்கிறது. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பைகளும் போதும். அரிசிக்குள் புதைத்து வைக்கும்படி ஒரு கூட்டத்தில் ஆலோசனை கூறப்பட்டது. அரிசித் தூசு லென்ஸின் வளையத்துக்குள் போனால் என்னவாகும் என்பதையும் ஆலோசனை சொன்னவரே விளக்கட்டும்.

நல்லூர்த் திருவிழாப் படங்களின் கண்காட்சி நடைபெற்றது. தெரிவுக்குழுவில் எழுந்த சர்ச்சை பற்றிப் பல கதைகள் உலவுவதால் நடந்ததைப் பதிவு செய்கிறேன். தேர்த் திருவிழாப் படம் ஒன்றில் வானம் செக்கச் சிவந்திருந்தது. தேர் காலையில்தான் வீதியுலா வருகிறது என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். தேரின் நிழல் விழுந்த பக்கத்திலேயே சூரியனும் நின்றது. அது செயலியில் கிடைக்கும் வானம். வேறொரு நாட்டுக் கடற்கரையில் எடுத்ததாகவும் இருக்கலாம். படம் திருப்பி அனுப்பப்பட்டது. அதன் பின்னர் அந்த அங்கத்தவர் கூட்டங்களுக்கு வருவதில்லை.

அழகு பார்க்க வீட்டுச் சுவரில் எதையும் மாட்டலாம். கழகத்தின் பெயரில் வைக்கும் படத்துக்கு அது பொருந்தாது. வெளிச்சம், நிறச்சமநிலை, வெட்டுதல் ஆகியவற்றுக்குத் தடையில்லை. இல்லாததைச் சேர்ப்பதற்கும் இருப்பதை அழிப்பதற்கும் இடமில்லை என்று தீர்மானம் நிறைவேறியுள்ளது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற உலகச் செய்திப்படப் போட்டியில்கூடப் பரிசுக்கு முன் மூலக் கோப்பைக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டுப் படங்களில் மணமகளை வெளுப்பாக்கும் பழக்கம் இப்போது கோயில் படங்களுக்கும் வந்துவிட்டது. காவடி எடுப்பவரின் முதுகு வெயிலில் கறுத்து, வியர்வையில் மினுங்க வேண்டும். அதைப் பால்நிறமாக்கினால் மேலே பூசிய திருநீறு எங்கே தெரியும்?

இனிப் பிரதிப் பெட்டகம், அதாவது அங்கத்தவர்களின் படங்களைப் பிரதியெடுத்துப் பாதுகாக்கும் திட்டம். இத்திட்டத்தை நான் முன்மொழிந்தபோது சபை கைதட்டியது. வேலைக்குக் கை தரவில்லை. ஆயினும் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீடுகளில் 1995க்கு முந்திய படங்கள் எத்தனை இருக்கின்றன? அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது அரிசியும் உடுப்பும்தான் சைக்கிளில் ஏறின. கல்யாண அல்பம் அலுமாரியிலேயே இருந்தது. திரும்பி வந்தபோது சில வீடுகளில் அந்த அலுமாரியே இருக்கவில்லை. ஒரே ஒரு பிரதி என்றால் என்ன என்பதை நாங்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனால் இன்றும் பயணப் படங்கள் எல்லாம் ஒரே மடிக்கணினியில்தான் கிடக்கின்றன.

முறை எளிது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். எடுத்து வந்த அன்றிரவே மெமரி கார்டிலிருந்து கணினிக்கும் வெளி வன்தட்டுக்கும் ஏற்ற வேண்டும். இரண்டிலும் படங்களைத் திறந்து பார்த்த பிறகே கார்டைக் கமராவில் வைத்து அதிலுள்ளவற்றை அழிக்க வேண்டும். கழகத்தின் வெளியூர் வன்தட்டு வவுனியாவில் என் தங்கை வீட்டில் இருக்கிறது. அதை வாங்கிய பணமும், கொண்டுபோன பஸ் கட்டணமும் கழகக் கணக்கில் காட்டப்படவில்லை. காட்டும் எண்ணமும் இல்லை.

‘கூகிளில் எல்லாம் இருக்கிறது’ என்று சொல்லும் அங்கத்தவர்களுக்கு ஒரு கணக்கு. 2021 ஜூன் முதலாம் திகதியிலிருந்து கூகிள் போட்டோஸில் வரம்பில்லாத இலவச இடம் கிடையாது. மின்னஞ்சலோடு சேர்த்து 15 ஜிகாபைட்தான். 24 மெகாபிக்சல் கமராவின் ரோ கோப்பு (கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படம்) ஒன்று 25 மெகாபைட் அளவில் வரும். அப்படியானால் அறுநூறு படத்தோடு இடம் முடிந்தது. ஒரு தேர்க் காலையே அதை நிரப்பிவிடும்.

பெட்டகத்துக்குப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் இன்னும் இருக்கிறார்கள். அது படத்தைச் சுருக்கி, எடுத்த திகதியையும் லென்ஸ் விபரத்தையும் உதறிவிட்டே அனுப்புகிறது. வன்தட்டைக் கொண்டுவந்து தந்த சிலரின் கோப்புறைகளோ ‘புதியது’, ‘புதியது 2’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்றிருந்தன. கமரா 9999ஆம் படத்துக்குப் பின் மறுபடி 0001இலிருந்து எண்ணத் தொடங்குவதால், ஒரே பெயரில் ஒரு நயினாதீவுத் தேரும் ஒரு பிறந்தநாள் கேக்கும் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றினால் ஒன்று போய்விடும். ஆகவே ஆண்டு, மாதம், நாள், ஊர், எடுத்தவரின் முதலெழுத்து என்ற ஒழுங்கில் பெயர் மாற்றும் வேலை இரவிரவாக நடந்தது. யார் செய்தார் என்று எழுதத் தேவையில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் விரிவாகச் சமர்ப்பிப்பார். சந்தாவும் கண்காட்சி நன்கொடையும் வரவு. மண்டப வாடகை, சட்டமிடல், தேநீர், மேற்சொன்ன வான் ஆகியன செலவு. கையிருப்பு உண்டு, அதை நம்பி எதையும் திட்டமிட முடியாது. சந்தா நிலுவை அங்கத்தவர்களில் பெரும்பாலோரிடம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்து போகும் எங்கள் அங்கத்தவர் ஒருவர், கேளாமலேயே தன் பங்கைக் கட்டிவிட்டுப் போனார். மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வசிப்பவர்களுக்கு நினைவூட்டல் கடிதம் மூன்றாம் முறையாக அனுப்பப்பட்டுள்ளது.

மண்டபம் தந்த பாடசாலை அதிபருக்கும், கண்காட்சியைத் திறந்து வைத்த போஷகருக்கும், கணக்காய்வாளருக்கும், தேநீர் ஏற்பாட்டைக் கவனித்த அம்மாவுக்கும், ஒத்துழைத்த அனைவருக்கும் கழகத்தின் நன்றி.

வரும் ஆண்டில் வன்தட்டு ஒன்றை மாற்ற வேண்டும். பழையது சத்தம் போடத் தொடங்கியிருக்கிறது. பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்யும் வேலையும் காத்திருக்கிறது. உங்கள் அம்மம்மாவோ அப்பம்மாவோ வைத்திருக்கும் அல்பங்களை இரண்டு நாளைக்கு இரவல் தந்தால் போதும். செயலாளர் பதவிக்கு வேறொருவர் முன்வந்தால் மனமார வரவேற்கிறேன். அவர் பெட்டகத்தின் பட்டியலையும் பெயரிடும் ஒழுங்கையும் என்னோடு அமர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்; அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். எவரும் முன்வராவிடில் இருப்பவரே தொடர வேண்டியிருக்கும். அப்படித் தொடர்பவர் இன்னொரு வன்தட்டையும் தன் சட்டைப்பையிலிருந்து வாங்குவார் என்று சபை எதிர்பார்க்காது என நம்புகிறேன்.

தேர்தலில் வாக்களிக்கும் உரிமை சந்தா செலுத்தியோருக்கு மட்டுமே என்பதை யாப்பின்படி நினைவூட்டுகிறேன். தேநீர் இடைவேளையில் பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வாசலருகே இருப்பார், சில்லறையும் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்