போஞ்சி வேரைப் பிடுங்கிக் கொளுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார விவசாயப் பக்கத்தில் போஞ்சி வேர் முடிச்சுகளைப் பற்றி வந்ததைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் முடிச்சில் உள்ள பக்டீரியா காற்றிலிருந்து பிடிக்கும் நைதரசன் செடிக்குப் போகிறது என்பதோடு அது நின்றுவிட்டது. மண்ணில் உள்ள மற்ற நுண்ணுயிர்களும் அதைத்தான் சாப்பிட்டுப் பெருகுகின்றன.

கந்தப்பளையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மரக்கறி போடுகிறோம். போஞ்சி பூக்கும்போது ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வேரில் கடுகுபோல ஒட்டியிருக்கும் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு புரதத்தின் நிறம் அது. வெளிறிக் கிடந்தால் சரியில்லை. யூரியாவை அள்ளிக் கொட்டிய பாத்தியில் ஒன்றிரண்டு முடிச்சுதான் இருக்கும்.

அறுவடை முடிந்து வேர் அழுகும்போது அந்த நைதரசனில் பெரும்பங்கை முதலில் எடுப்பது அடுத்து போடும் கரட் அல்ல, மண்ணில் உள்ள பக்டீரியாவும் பூஞ்சணமும்தான். அவை செத்து மக்கும்போது பயிருக்குக் கிடைக்கிறது. நாங்களோ செடியை வேரோடு பிடுங்கி, காயவைத்து, வரப்பில் கொளுத்துகிறோம். நைதரசன் புகையோடு போய்விடுகிறது. நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். இப்போது கத்தியால் அடியில் வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விடுகிறேன். வேரழுகல் பிடித்த செடியை மட்டும் பிடுங்கத்தான் வேண்டும்.

தேயிலை மலையிலும் இதே கதைதான். முடிச்சு இல்லாமல் மண்ணில் தனியாக வாழ்ந்து நைதரசன் பிடிக்கும் பக்டீரியாவும் உண்டு. அதற்குச் சீனி வேண்டும். கவ்வாத்தின்போது, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது, விழும் குப்பையை உடைத்துச் சீனியாக்கும் பூஞ்சணத்துக்கோ நைதரசன் பற்றாது. இரண்டும் கொடுத்து வாங்கிப் பிழைக்கின்றன. விறகுக்குத் தடியை எடுக்கட்டும், இலையும் சிறு குச்சியும் மலையிலேயே கிடக்கட்டும்.

அப்புறம், இப்படித் தனியாக வாழ்ந்து நைதரசன் பிடிக்கும் அசோட்டோபாக்டர் என்ற பக்டீரியாவைக் கடையில் வாங்கித் தேயிலைக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1901இல் பெய்ஜெரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி கண்டறிந்த இந்த பக்டீரியாவுக்குப் புளிப்பு மண் ஒத்துவராது. தேயிலைக்குப் பிடித்ததோ பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு) 4.5 முதல் 5.5 வரையுள்ள புளிப்பு மண். அந்த விஞ்ஞானியின் பெயரையே கொண்ட பெய்ஜெரிங்கியா என்ற இன்னொரு வகை புளிப்பைத் தாங்கும்.

யூரியாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021இல் அரசு இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்தபோது மலையகம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மண்ணின் புளிப்பை எங்கே கொடுத்துப் பார்ப்பது என்று தோட்டத்து ஆட்கள் பலருக்குத் தெரியாது. அதை உங்கள் அடுத்த விவசாயப் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கந்தப்பளை வாசகர்