மூத்த குடிமக்கள் சங்கம், மதுரை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

அல்சைமர் என்ற மறதி நோய் உள்ள பெரியவர்களின் உடல்நிலையையும், அதே வயதில் நல்ல நினைவோடு இருப்பவர்களின் உடல்நிலையையும் அருகருகே குறித்து வந்ததே இவ்வாண்டின் முக்கியப் பணி.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இரு தரப்பிலும் உண்டு. எடையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நோய் உறுதியாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே எடை இறங்கத் தொடங்குவதுண்டு. மோப்பம் குறைந்து சாப்பாட்டில் ருசி போய்விடுகிறது. சாப்பிட்டோமா என்பதே மறக்கிறது. நோய் முற்றினால் விழுங்கவும் சிரமம். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் முயற்சி ஏதுமின்றி 3 கிலோ குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். காலையில், வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் பாருங்கள். மெஷின் மாறினால் கணக்கும் மாறிவிடும்.

நடுவயதில் உயர் ரத்த அழுத்தம் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. நோய் வந்தபின் எடையோடு அழுத்தமும் இறங்கலாம். அப்போதும் பழைய அளவு மாத்திரையே தொடர்ந்தால் எழும்போது தலைசுற்றி விழுவார்கள். 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் மறுபடி அளக்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

நினைவுச் சோதனைக்குக் கண்ணாடியும் காது மெஷினும் அணிவித்தே உட்கார வைக்கவும். காதில் குறும்பி அடைத்தவருக்குக் கேள்வியே விழாது. வைட்டமின் பி12 குறைவும் தைராய்டு குறைவும் மறதியைத் தரும். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்கள் பி12 பார்ப்பது அவசியம். ஓரிரு நாளில் திடீரென வரும் குழப்பத்தை அல்சைமர் என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்துக் குறைவோ இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்களை அதிகம் வருத்துவது வலி. நல்ல நினைவுள்ளவர் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். அல்சைமர் முற்றியவர் கேட்டால் இல்லை என்பார்; ஆனால் சோறு வாய்க்குள் போனதும் முகம் சுளிப்பார், குளிக்கக் கூப்பிட்டால் கையைத் தட்டிவிடுவார். பல்லையும் முழங்காலையும் பார்க்காமல், அடம் என்று தூக்க மாத்திரை கொடுப்பது கொடுமை. அந்த மாத்திரையே குழப்பத்தையும் விழுவதையும் கூட்டும்.

வரும் ஆண்டில் எல்லா உறுப்பினருக்கும் எடை அட்டை வழங்கத் தீர்மானம் முன்வைக்கிறோம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு அழைத்துப் போகும் வீட்டார், பெரியவரின் சட்டை உள்பக்கம் தொலைபேசி எண்ணைத் தைத்து அனுப்புங்கள். முதியோர் உதவி எண் 14567.

செயலாளர்