மேமோகிராமில் ஏஐ: யாரும் பார்க்காத படம் என்று ஒன்று இருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்பகப் புற்றுநோயை மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரே படத்தில், கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) வந்துவிட்டது, இனி படத்தைப் படித்துச் சொல்லும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊர்களுக்கும் கவலையில்லை என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். அம்பாசமுத்திரம், வள்ளியூர், களக்காடு பக்கத்துப் பெண்களுக்கு அந்தக் கவலை தீர வேண்டும் என்பதில் எங்களுக்கும் ஆசைதான். ஆனால் கட்டுரை காட்டிய ஆதாரமும் அது போய்ச் சேர்ந்த முடிவும் ஒட்டவில்லை.

ஆதாரம் ஸ்வீடனில் நடந்த மாசாய் ஆய்வு. 80,000 பெண்களின் படங்களை வைத்து 2023-ல் முதல் முடிவுகள் வெளியாயின. ஏஐ துணையோடு படித்த பிரிவில் 1,000 பேருக்கு 6.1 புற்றுகள் பிடிபட்டன; வழக்கமான பிரிவில் 5.1. படம் படிக்கும் வேலையும் 44 சதவீதம் குறைந்தது. எல்லாம் சரி. அங்கே வழக்கம் என்பது ஒவ்வொரு படத்தையும் இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் தனித்தனியாகப் படிப்பது. ஏஐ பிரிவில், ஆபத்து குறைவு என்று மென்பொருள் சொன்னதை ஒருவர் படித்தார், அதிகம் என்றதை இருவர் படித்தார்கள். ஒருவர்கூடப் பார்க்காத படம் அந்த ஆய்வில் இல்லவே இல்லை. இரண்டு ஒன்றானதை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் பூஜ்யமாக்கலாம் என்று கட்டுரை எழுதிவிட்டது.

டாக்டர் ஒருவர் பார்த்தால் மட்டும் போதுமா என்றால், எப்போது பார்க்கிறார் என்பதும் முக்கியம். 2023-ல் 27 ரேடியாலஜிஸ்டுகளிடம் 50 மேமோகிராம்களைக் கொடுத்துச் செய்த ஒரு சோதனையில், ஏஐ சொன்னதாக வேண்டுமென்றே சில தவறான பதில்களைச் சேர்த்திருந்தார்கள். ஏஐ சரியாகச் சொன்னபோது 80 சதவீதம் சரியாகப் படித்த இளைய டாக்டர்கள், அது தப்பாகச் சொன்னபோது 20 சதவீதத்துக்கு இறங்கினார்கள். நல்ல அனுபவசாலிகளே 82-லிருந்து 45-க்கு வந்தார்கள். ஆகவே டாக்டர் முதலில் தன் முடிவை எழுதிச் சேமிக்க வேண்டும், அதன் பிறகே ஏஐ குறி திரையில் திறக்க வேண்டும். மென்பொருளில் இதற்கு வசதி உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள். இரண்டு பதில்களும் வேறுபட்டால் இரண்டும் பதிவில் நிற்க வேண்டும்.

இனி படத்துக்கு வருவோம். விளம்பரங்களில் யாரும் பேசாத பகுதி இது.

ஒரு பெண்ணுக்கு நான்கு படங்கள்: ஒவ்வொரு மார்புக்கும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று. சாய்வுப் படத்தில் மார்புத் தசை காம்பின் மட்டம் வரையாவது இறங்கித் தெரிய வேண்டும், மார்பின் அடி மடிப்பு விரிந்திருக்க வேண்டும். காம்பிலிருந்து பின்னோக்கி அளந்தால் ஒரே மார்பின் இரண்டு படங்களுக்கும் 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் பின்பகுதி படத்துக்கு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். படத்தில் விழாத கட்டியைப் பற்றி மென்பொருள் வாய் திறக்காது, ஆபத்து குறைவு என்று ஒரு சின்ன எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். வலிக்கிறது என்று, மார்பை அமுக்கிப் பிடிக்கும் தட்டின் அழுத்தத்தைப் பாதியில் விட்டாலும் திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும், படம் அசங்கும், மார்பில் படியும் சின்னச் சுண்ணாம்புப் பொட்டுகள் மங்கும்.

அடுத்தது பவுடர். சித்திரை வெயிலில் பஸ்ஸில் வருகிறவர்கள் அக்குளில் அப்பிக்கொண்டு வருவது இயல்புதான். அந்தத் துகளும், துத்தநாகம் கலந்த களிம்பும், அலுமினியம் உள்ள வாசனை ஸ்ப்ரேயும் படத்தில் சுண்ணாம்புப் பொட்டுகளைப் போலவே வெள்ளை வெள்ளையாக விழும். புற்றின் ஆரம்ப அடையாளமாக மென்பொருள் தேடுவதும் அப்படிப்பட்ட பொட்டுகளைத்தான். ஈரத்துணியால் துடைக்க இரண்டு நிமிஷம் போதும்.

பிறகு தாலி. கழற்றச் சொன்னால் படமே வேண்டாம் என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. கழற்றத் தேவையும் இல்லை. "தாலிய முதுகுப் பக்கமாப் போட்டுக்கிடுங்க அக்கா" என்று சொல்லி, கொடியில் கோத்திருக்கும் ஊக்குகளை மட்டும் வாங்கி வைத்து, சடையைத் தூக்கிக் கட்டினால் முடிந்தது. சாய்வுப் படத்தில் தோளிலிருந்து சடை நுனி விழுந்து வரிவரியாகத் தெரிவது டாக்டருக்குச் சட்டென்று விளங்கும். சடையே பார்க்காத ஊர்ப் படங்களில் பழகிய மென்பொருளுக்கு விளங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

கரண்டு பில்லை மிச்சம் பிடிக்க ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போவது இன்னொரு வினை. டிஜிட்டல் மேமோகிராம் கருவிகள் பலவற்றில் எக்ஸ்ரேயைப் படமாக மாற்றும் செலினியம் தட்டு இருக்கிறது. சூடு ஏறி இறங்கினால் அது கெடும், படத்தில் புள்ளியும் கோடும் விழும். ஏசியும் யுபிஎஸ்ஸும் ராப்பகல் ஓட வேண்டும், தினமும் காலையில் முதல் பெண்ணுக்கு முன்னால் மார்புக்குப் பதிலாகச் சோதனைக் கட்டையை வைத்து ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஃபிலிமைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏஐ கருத்துக் கேட்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பொட்டுகள் அந்தச் சுருக்கத்திலேயே காணாமல் போய்விடும்.

நம் நாட்டில் மார்பகப் புற்று மேலைநாடுகளைவிட ஏறக்குறைய 10 வயது முன்னதாகவே வருகிறது. இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் அது வெள்ளை, கட்டியும் வெள்ளை. இந்த மென்பொருள்களில் பலவும் ஐரோப்பிய, அமெரிக்கப் பெண்களின் படங்களில்தான் பெரும்பாலும் பழகியவை. அதனால் வாங்குகிற ஆஸ்பத்திரி, பயாப்சி (திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனை) முடிவு தெரிந்த தன் சொந்தப் பழைய படங்களை, புற்றுள்ளவை குறைந்தது 100, இல்லாதவை சில ஆயிரம் எடுத்து, முதலில் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 50 வயதுக்குக் கீழ், மேல் என்று பிரித்தும் அடர்த்தி வாரியாகவும் கணக்கெடுக்க வேண்டும். மொத்தக் கணக்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அதற்குப் பின் மூன்று மாதம் மென்பொருள் பின்னணியில் மட்டும் ஓடட்டும், ரிப்போர்ட்டைத் தொடக் கூடாது. புதுப் பதிப்பு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தரும் ஆபத்து எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10-க்கு 7 என்று வந்தால் 70 சதவீதம் புற்று என்று பொருளில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 பெண்களில் 30 பேருக்குப் புற்று இருக்கிறது, மென்பொருள் புற்று உள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும் 90 சதவீதம் பேருக்குச் சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 27 பேரைப் பிடிக்கும், 3 பேரைத் தவறவிடும். கூடவே புற்றில்லாத 997 பேரையும் கூப்பிட்டு உட்கார வைக்கும். முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணுக்குப் பாளையங்கோட்டைக்கு ஒரு நடை வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, வீட்டில் பேச்சு வேறு. முகாம் போடுகிறவர்கள் சந்தேகமான படத்துக்கு அன்றைக்கே அல்ட்ராசவுண்டு பார்க்க ஆளும் கருவியும் வைத்திருக்க வேண்டும். முடியாதென்றால் அன்றைக்கு எத்தனை பேருக்குப் பார்க்க முடியுமோ அத்தனை பேரை மட்டும் கூப்பிடட்டும்.

எங்களுக்குப் பெரிய பயம் அந்த 3 பேரைப் பற்றித்தான். கையில் கட்டி தட்டுப்படுகிற பெண் "மெஷினே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுல்லா" என்று வீட்டுக்குப் போய்விட்டால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துத்தான் திரும்பி வருவாள். கட்டி கைக்குத் தெரிந்தால் மேமோகிராம் சுத்தமாக இருந்தாலும், ஏஐ எண் எதுவானாலும், டாக்டர் கையால் பார்ப்பதும் அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் ஊசி பயாப்சியும் நடந்தே ஆக வேண்டும். கையால் பார்ப்பதை மட்டமாக நினைக்க வேண்டாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களிடம் 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பார்த்ததில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்று இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. 2021-ல் வெளியான முடிவு இது.

வெப்பக் கேமராவோடு ஏஐ சேர்த்து, தொடாமல் பார்க்கிறோம் என்று வருகிறவர்களும் உண்டு. வெப்பப் படம் மேமோகிராமுக்கு மாற்றாகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-லேயே எச்சரித்துவிட்டது.

படங்கள் எங்கே போகின்றன என்பதையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு கோப்பின் உள்ளேயும் பெயர், வயது, அடையாள எண் இருக்கும். திரையில் மறைத்தால் மட்டும் போதாது, வெளியே அனுப்பும் முன் கோப்பிலிருந்தே நீக்க வேண்டும். சிகிச்சைக்கு ஒரு சம்மதம், நிறுவனம் தன் மென்பொருளைப் பழக்குவதற்குத் தனியாக இன்னொன்று, இரண்டும் தமிழில். இரண்டாவதற்கு மாட்டேன் என்கிற பெண்ணுக்கும் பரிசோதனை உண்டு என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கட்டுரையில் "டாக்டர் இல்லாத இடத்திலும் ஏஐயே ரிப்போர்ட் தந்துவிடும்" என்ற வரியைத் திருத்தி, அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதைப் படித்துவிட்டுப் பரிசோதனைக்குக் கிளம்புகிறவர்கள், ரிப்போர்ட்டின் அடியில் ரேடியாலஜிஸ்ட் பெயரும் பதிவு எண்ணும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும்.

இப்படிக்கு,
மார்பகப் படப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்கள், டெக்னீசியன்கள் சிலர்
பாளையங்கோட்டை